ஓபல் விட்ட மீன்

கெண்ட்ரிக் முனை, டென்னசி
1995 ஜூன் 5, திங்கட்கிழமை

திரு. டெல்மர் ஓவன்பி அவர்களுக்கு,

கடந்த வெள்ளிக்கிழமை, அதாவது ஜூன் 2 அன்று, படகுத்துறைக் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘ஓபல் கெஸ்டர்சன் நினைவுப் போட்டி. பெரிய வரிமீனைப் பிடியுங்கள், விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, கெண்ட்ரிக் ஓடை முகம். விவரங்களுக்கு: டெல்மர் ஓவன்பி.’ என் மனைவியின் பெயரை ஒரு கடைக் கதவில், மண்புழு விலைக்கும் ஐஸ்கட்டி விலைக்கும் நடுவே படிக்க நேரும் என்று நான் நினைத்ததில்லை.

தேதியே பிழை. தாங்கள் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனது 1994 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. அவள் இறந்தது ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. இடைப்பட்ட 12ஆம் தேதி அவள் கொஞ்சம் சூப் குடித்தாள் என்பதைத் தவிர வேறெதற்கும் உரியதன்று. சனிக்கிழமை படகுக்காரர்களுக்கு வசதி என்பதற்காக ஒருத்தியின் நினைவுநாளை நகர்த்திவைக்க இயலாது.

வெயிலில் வெளியே போகக் கூடாது, இதயம் தாங்காது என்று மருத்துவர் தடுத்திருந்தார். அது தங்களுக்குத் தெரியும். கண் பரிசோதனைக்காக நான் நாக்ஸ்வில் போயிருந்த நாளாகப் பார்த்துத் தாங்கள் வந்தீர்கள். இதை அடக்கத்தன்றே சொல்லிவிட்டேன். மறுபடி சொல்ல விருப்பமில்லை. ஆனால் அந்த நாளை விழாவாக்கும் உரிமை தங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அறிவிப்பை அகற்றவும். போட்டியைக் கைவிடவும்.

இப்படிக்கு,
வெர்னன் கெஸ்டர்சன்

*

மேல் ஏரி
ஜூன் 11

வெர்னன் மச்சான்,

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ‘ஏய் டெல்மர்’ என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது ‘திரு’ போட்டு எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கேட்காமல் ஒட்டியது என் தப்பு. ஆனால் எப்படிக் கேட்பது? தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். தேவாலயத்தில் நான் உட்கார்ந்த பக்கம் உட்காருவதில்லை.

நான் நாள் பார்த்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. அக்காதான் கூப்பிட்டாள். “டெல்மர், ஸ்டேஷன் மாஸ்டர் ஊருக்குப் போறாரு. அஞ்சரைக்குத்தான் திரும்புவாரு. அவரு அஞ்சரைன்னா அஞ்சரை. படகை எடுத்துட்டு வா” என்றாள். அணை கட்டி, ரயில் பாதையும் உங்கள் ஸ்டேஷனும் ஏரிக்கடியில் போய் எத்தனையோ காலம் ஆகியும் அவளுக்கு நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டர்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “டாக்டர் உன்னையா கூப்பிட்டாரு? நான் கூப்பிடறேன்” என்றாள். வராமல் இருக்க முடியுமா?

அடக்கத்தன்று நீங்கள் பேசவிடவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன். தக்காளி வைத்த ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள். தலையில் உங்கள் பழைய தொப்பி. ஓடை ஏரியில் கலக்கும் முகத்துக் குளிர்க்குழியில் நங்கூரம் போட்டோம். மேல்தண்ணீர் கையை வைத்தால் குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் மாதிரி இருந்தது. பெரிய மீன்கள் எல்லாம் அடியில், ஊற்று புறப்படும் இடத்தில் ஒதுங்கி நின்றன. உயிர் இரையை அங்கே இறக்கினேன். மீன் சிக்கியதும் தூண்டில் கழியை என்னிடம் கொடு என்றேன். “வாயை மூடிக்கிட்டு என் இடுப்பைப் பிடிச்சுக்கோ” என்றாள். உட்கார்ந்தபடியே வெகுநேரம் இழுத்தாள்.

நாற்பது பவுண்டுக்குக் குறையாத பெட்டை. உடம்பில் ஓடும் கறுப்பு வரிகளில் மூன்றாவது நடுவில் அறுந்து, கீழே இறங்கி, மறுபடி தொடங்கும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அக்கா அதன் வாயில் கட்டைவிரலை வைத்துப் பிடித்தாள். விடு என்றேன். “கொஞ்ச நேரம் வச்சுக்கறேனே” என்றாள். சரி என்று, நான் வாலைப் பிடித்து, மூச்சு வரட்டும் என்று தண்ணீரில் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதனோடு பேசிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அது வாலால் ஓர் அடி அடித்தது. எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீர். “போடி கிழவி, வீட்டுக்குப் போ” என்றாள். அது நேராகக் கீழே போயிற்று.

கரைக்கு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? தப்பாக நினைக்காதீர்கள். நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புகைப்படம் வைத்திருக்கிறேன். சுவரொட்டியில் போட ஆசை. அவள் பெயரில் ஊரே ஒருநாள் பெரிய மீன்களைப் பிடித்து விடட்டும். யாரும் கொல்லக் கூடாது, அதுதான் விதி. சம்மதம் சொல்லுங்கள்.

டெல்மர்

*

கெண்ட்ரிக் முனை
1995 ஜூன் 19, திங்கட்கிழமை

திரு. டெல்மர் அவர்களுக்கு,

ஜூன் 11 தேதியிட்ட கடிதமும் புகைப்படமும் 14ஆம் தேதி கிடைத்தன.

புகைப்படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அதைச் சம்மதம் என்று கொள்ள வேண்டாம். தொப்பி என்னுடையதுதான், அதை நான் அடுத்த வசந்தம் வரை தேடிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 16 அன்று, பார்வைக்காக அவளை வைத்திருந்தபோது, வலது கட்டைவிரலில் மீனின் பல் உரசிய புண்ணைப் பூச்சுப் போட்டு மறைத்திருந்தார்கள். பூச்சைத் துடைத்துவிடும்படி கேட்டேன். அந்த ஐந்து நாளும் அவள் அந்த விரலை வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று எனக்குப் பட்டது. தாங்கள் அப்போது அறையின் மறுகோடியில் நின்றீர்கள். தங்களை அருகே அழைத்துக் காட்டியிருக்கலாம். அழைக்கவில்லை.

போட்டியைப் பற்றி என் முடிவில் மாற்றமில்லை. நடத்தியே தீரவேண்டும் என்றால் அக்டோபர் கடைசியில், தண்ணீர் குளிர்ந்த பிறகு நடத்தவும். அப்போது நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் வேண்டாம். ‘விட்டுவிட்டோம்’ என்ற சொல்லை மனிதர்கள் சற்று யோசித்துப் பயன்படுத்த வேண்டும். இதற்குமேல் விளக்கம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெர்னன் கெஸ்டர்சன்

*

மேல் ஏரி
ஜூலை 2, ஞாயிறு

மச்சான்,

அக்டோபராம். தண்ணீர் குளிர்ந்துவிட்டால் அந்தக் குழியில் ஒரு மீன் நிற்குமா? ஏரி முழுக்கச் சிதறிவிடும். உங்களுக்கே தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர்கள்.

இருபதுக்கு மேல் படகுகள் பெயர் கொடுத்தாகிவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் சோள ரொட்டியும் அவித்த பீன்ஸும் செய்கிறார்கள். அக்கா செய்வது போலவே வாழைப்பழப் புட்டிங் செய்வதாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள். வராது, ஆனால் செய்யட்டும். கடையில் என்னைக் கேட்டார்கள், “உன் மச்சான் என்னப்பா சொல்றாரு?” என்று. “தேதி தப்புங்கறாரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சுற்றி வளைக்காதீர்கள். மனதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். ‘டெல்மர், என் பெண்டாட்டியை நீதான்டா கொன்னே.’ எழுதிவிட்டால் உங்களுக்கும் ஆறும், எனக்கும் ஒன்று தெரிந்துபோகும்.

அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவளுக்கு நான் திருப்பிக் கொடுத்தது என்று சொன்னால் அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான். அவள் போய்விட்டாள். மீன் இருக்கிறது. படுக்கும்போது, அது எங்கேயோ கீழே குளிர்ச்சியில் நிற்கிறது, அக்கா தொட்ட வாய் இன்னும் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். தூக்கம் வந்துவிடும்.

என் மேல் என்ன கோபம் இருந்தாலும் சரி. அந்த ஒரு மீனையாவது எனக்கு விட்டு வையுங்கள்.

போட்டி 12ஆம் தேதி நடக்கும்.

டெல்மர்

*

கெண்ட்ரிக் முனை
1995 ஜூலை 24, திங்கட்கிழமை

டெல்மர்,

உன் கடிதம் ஜூலை 5 அன்று வந்தது. பதில் எழுத இவ்வளவு தாமதித்தது என் வழக்கமன்று. எழுதியவற்றைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். அவளை நீ கொன்றாய் என்று அடக்கத்தன்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. அவள் என்னிடம் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்; அதனால்தான் உன்னைக் கேட்டாள். இத்தனை மாதம் நான் உன்மேல் சுமந்த கோபத்தில் பெரும்பகுதி அதுதான்.

இரண்டாவது செய்தியை உன்னிடம் சொல்லாமலேயே செத்துப்போவது என்று தீர்மானித்திருந்தேன். நீ ஜூலை 2 அன்று அந்த மீனைப் பற்றி எழுதியதற்குப் பிறகு அந்தத் தீர்மானம் இன்னும் உறுதியாகியிருக்க வேண்டும். ஆனால் இருபது படகுகள் என்று எழுதியிருக்கிறாய்.

மீன் இல்லை, டெல்மர். மறுநாளே செத்துவிட்டது.

ஆகஸ்ட் 10, புதன்கிழமை காலை, ஓபல் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் வீட்டுப் படகுத்துறைக்கு இறங்கினேன். காற்று ஓடை முகத்திலிருந்து இந்தப் பக்கம் அடித்திருந்தது. தூண்களுக்கு நடுவே அது வெள்ளை வயிறு மேலாகக் கிடந்தது. முந்தைய மாலை அவள் எனக்கு அந்த அறுந்த மூன்றாவது வரியைப் பலமுறை வரைந்து காட்டியிருந்தாள். புரட்டிப் பார்த்தேன். அந்த வரிதான்.

தள்ளுவண்டியில் ஏற்றி, மழைக்கோட்டால் மூடி, தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் குழி வெட்டினேன். ரக்கூன்கள் தோண்டிவிடும் என்பதால் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது. என் வயதில் அது எளிய காரியமன்று. முடித்துக் கைகழுவிவிட்டு உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள். “என்ன ஸ்டேஷன் மாஸ்டரே, அவ இப்ப எங்க போயிருப்பா?” என்று கேட்டாள்.

நான் ரயில்வேயில் இருந்த காலத்தில் ஒரு வண்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். ஏரிக்கடியில் இருக்கும் நம் பழைய ரயில் பாதை வழியாகப் போகிறாள், ஓக் பெண்டு நிலையம் தாண்டிவிட்டாள் என்றேன். அவள் சிரித்தாள். அதன் பிறகு தினமும் கேட்டாள். தினமும் நான் அந்தச் செத்த மீனை ஒரு நிலையம் நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை நான் டால்பட் என்று சொன்னபோது, “நடுவுல பீச் கோவ் வருமே, அதை விட்டுட்டீங்க” என்று திருத்தினாள். சனிக்கிழமை ஆஷ்ஃபோர்டு வந்துவிட்டது என்றேன். அது என் நிலையம். “அங்க வண்டி நிக்குமா?” என்றாள். ஒரு நிமிடம் நிற்கும் என்றேன். மறுநாள் காலை அவள் இல்லை.

இலையுதிர்காலத்தில், தண்ணீரின் வெப்பத்தை அளக்க அரசு மீன்துறையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். குளிர்ந்த ஆழத்தில் நிற்கும் பெரிய வரிமீனை வெந்நீர் வழியாக மேலே இழுத்து, மேலேயே பிடித்துவைத்து ஆசுவாசப்படுத்துவது, மூச்சுத் திணறுகிறவனைப் புகை மண்டிய அறையில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுப்பது போல என்றாள். அது வாலை அடித்துக்கொண்டு கீழே போகும். போவதைப் பார்த்து நாம் மகிழ்வோம். பெரும்பாலானவை அன்றோ மறுநாளோ செத்துவிடும். எவ்வளவு பெரிய மீனோ, எவ்வளவு நேரம் அன்பாகப் பிடித்திருந்தோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு கெடுதல்.

நீங்கள் இருவரும் அதை அவ்வளவு அன்பாகப் பிடித்திருந்தீர்கள். அதனால்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை.

ஓபல் அதை அறியாமல் போனாள். அது ஒன்றே நான் அவளுக்குச் செய்தது. உனக்கும் அதையே செய்ய நினைத்தேன். அவள் பெயரைச் சொல்லி இருபது படகில் அதே அன்பைச் செய்யவிட முடியவில்லை. மன்னித்துக்கொள்.

வெர்னன்

*

மேல் ஏரி
ஆகஸ்ட் 1

மச்சான்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்று காலையில்தான், மீன் பிடிக்க என் படகை வாடகைக்கு எடுத்த ஒஹையோக்காரர் ஒருவருக்கு ஒரு பெரிய மீன் பிடித்துக் கொடுத்தேன். நானே தண்ணீரில் பிடித்து, ஆட்டி, முத்தம் கொடுக்காத குறையாக விட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

கடிதத்தைப் படித்ததும் உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் படகுத்துறை வரை போய்விட்டேன், நேரில் வந்து சண்டை போட. அப்புறம் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஓடை முகத்துக்குக் கீழே, மிதப்பதையெல்லாம் காற்று ஒதுக்கும் கரை வளைவுக்குப் படகை விட்டேன். இத்தனை வருடத்தில் அங்கே போனதே இல்லை, மச்சான். மீனை விட்ட இடத்திலேயே நிற்பேன். அது போவதைப் பார்ப்பேன். அடுத்த இரையை மாட்டுவேன். அந்த வளைவில் ஒஹையோக்காரர் மீன் கிடந்தது. அதோடு இன்னும் பல. எண்ணவில்லை. கழுகுகள் பழகிப்போய் உட்கார்ந்திருந்தன, ரொம்ப நாளாக அங்கே சாப்பாடு கிடைக்கிற மாதிரி.

மீனைக் கொன்று தின்கிறவர்களை நான் படகிலிருந்தே திட்டுவேன். அவர்கள் தின்னவாவது செய்தார்கள்.

அறிவிப்பை எல்லாம் கிழித்துவிட்டேன். படகுக்காரர்களிடம் காரணத்தைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். ஒருத்தன், “கிழவன் சொன்னான்னு கோடை பூராவும் தூண்டிலைக் கட்டி வைக்கணுமா?” என்றான். வளைவைப் போய்ப் பார்த்துவிட்டு வாடா என்றேன். போனானா, தெரியாது. நான் இனி ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் குழிக்குப் போகமாட்டேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இதை முன்பே சொல்லாததற்குக் காரணம், அது எனக்கே புரியாததுதான்.

அக்கா போவதற்கு முந்தைய வியாழக்கிழமை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. “டெல்மர், உன் மச்சான் நேத்து காலைல தக்காளிப் பாத்திகிட்ட குழி வெட்டினாரு. ஜன்னல்ல பாத்தேன். தள்ளுவண்டியில மழைக்கோட்டு, அதுக்கு வெளிய ஒரு வாலு” என்றாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன வால், ஆகஸ்டில் தோட்டத்தில் என்ன நடுகிறார் என்று கேட்டேன். “என்னமோ நடறாரு. கேக்காதே. எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. பாவம், நேத்துலேர்ந்து எனக்காக வண்டி விடறாரு. நானும் ஏறி உக்காந்துக்கறேன்” என்றாள்.

மருந்து மயக்கத்தில் ரயில், வால் என்று உளறுகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அந்த வால் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குத் தெரியும், மச்சான். முதல் நாளிலிருந்தே தெரியும்.

டெல்மர்

*

கெண்ட்ரிக் முனை
1995 ஆகஸ்ட் 9, புதன்கிழமை

டெல்மர்,

உன் கடிதம் ஆகஸ்ட் 3 அன்று வந்தது. பதில் எழுத இன்றைய தேதி வரை காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

படுக்கையறை ஜன்னலருகே அவளுடைய தலையணை உயரத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். தக்காளிப் பாத்தி முழுவதும் தெரிகிறது. தள்ளுவண்டி போன வழியும் தெரிகிறது. இந்த வீட்டில் இத்தனை ஆண்டு இருந்தும் அந்த ஜன்னலிலிருந்து தோட்டம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் படுத்தவள் அவள்.

உன்னிடம் ஒன்று எழுத வேண்டும். ஆஷ்ஃபோர்டு வரையிலான நிலையங்களை நான் தூக்கத்திலும் வரிசையாகச் சொல்வேன். எந்த நாளிலும் பிசகியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை பீச் கோவை நான் மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு முடியவில்லை. சீக்கிரம் ஆஷ்ஃபோர்டு வந்து அந்தப் பயணம் முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது. அவள் திருத்தியபோது, எவ்வளவு நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணி வெளியே போய் நின்று அழுதேன்.

மலைப்பாதையில் பாரம் அதிகமான வண்டிக்குப் பின்னால் இன்னோர் என்ஜினைச் சேர்ப்பார்கள். முன்னால் இருக்கும் ஓட்டுநர் தானே இழுப்பதாக நினைத்துக்கொள்வான். பின்னால் இருப்பது அவன் கண்ணில் படாது. மேட்டின் உச்சி வரை தள்ளிவிட்டு, நின்றுவிடும்.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 14. நீ வா. தக்காளி பழுத்துச் சாய்கிறது. தனியாகத் தின்று தீராது. அவள் தொப்பி உன் படகில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் கொண்டு வா. எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. எப்போது வந்தாலும் நான் படகுத்துறையில்தான் இருப்பேன்.

உன் மச்சான்,
வெர்னன்